விளாதிமிர் என்ற பெயர்: பொருள், பிறப்பு, உச்சரிப்பு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் எந்தப் பட்டியலைத் திறந்தாலும், விளாதிமிர் என்ற பெயருக்கு நேராக 'உலகை ஆள்பவன்' என்றுதான் போட்டிருக்கிறது. சிலவற்றில் 'அமைதியின் தலைவன்'. இரண்டும் பெயரின் பிறப்போடு ஒட்டாதவை. ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவன் நான். இந்தப் பெயர் பற்றி நண்பர்களும் வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

விளாதிமிர் என்றால் சரியான பொருள்தான் என்ன?

இது இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர். முதல் பாதி 'விளாத்', 'வொலொத்'. ஆளுதல், ஆட்சி, அதிகாரம் என்பது இதன் பொருள். ரஷ்ய மொழியில் இன்றும் 'விளாதேத்' என்றால் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது, 'விளாஸ்த்' என்றால் அதிகாரம். இந்தப் பாதியைப் பற்றி எந்தச் சண்டையும் இல்லை.

இரண்டாம் பாதியில்தான் குழப்பம். இன்று 'மிர்' என்று எழுதப்படும் அது, பழைய கையெழுத்துப் பிரதிகளில் 'மேர்' என்ற ஒலியோடு இருக்கிறது. அந்த 'மேர்' பெருமை உள்ளவன், புகழ் உள்ளவன் என்ற பொருளுடைய பழஞ்சொல். பழைய ஜெர்மானியக் கிளை மொழியான கோத்திக்கில் 'மேர்ஸ்' என்றால் புகழ்பெற்றவன். ஐரிஷ் மொழியில் 'மோர்' என்றால் பெரிய. எல்லாம் ஒரே வேரின் கிளைகள்.

ஆக, 'ஆட்சியில் பெரியவன்', 'ஆளும் திறத்தால் புகழ்பெற்றவன்'. மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் பொருள் இதுதான்.

அப்படியானால் 'உலகை ஆள்பவன்' என்பது எங்கிருந்து வந்தது?

ரஷ்ய மக்களிடமிருந்தே வந்தது. அதனால்தான் இது இவ்வளவு வேரூன்றி நிற்கிறது.

ரஷ்யம், உக்ரைனியம், பல்கேரியம் போன்ற மொழிகள் சேர்ந்தது ஸ்லாவிய மொழிக் குடும்பம். பழைய ஸ்லாவிய எழுத்தில் 'யாத்' என்றொரு எழுத்து உண்டு. ஏகாரத்துக்கும் இகரத்துக்கும் நடுவில் ஊசலாடும் ஓர் ஒலியைக் காட்டும் எழுத்து. 'மேர்' என்ற சொல்லில் இருந்தது அந்த எழுத்துதான். காலப்போக்கில் 'மேர்' வழக்கொழிந்தது. தெருவில் யாரும் பேசாத சொல் பெயருக்குள் மட்டும் மாட்டிக்கொண்டால், காது தனக்குத் தெரிந்த பக்கத்துச் சொல்லைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்தது 'மிர்'. பெயரும் மெல்ல 'மிர்' என்று முடிய ஆரம்பித்தது.

இந்த மாதிரி நம்மிடமும் நடந்திருக்கிறது. மரை மான்கள் உலவிய 'மரைக்காடு' பின்னால் 'மறைக்காடு' ஆகி, மறை என்றால் வேதம்தானே என்று 'வேதாரண்யம்' ஆனது எனச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. ஒரே ஓர் எழுத்து மாறினால் பொருள் எங்கேயோ போய் நிற்கும்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. ரஷ்ய மொழியில் 'மிர்' என்பதற்கு உலகம், அமைதி என்று இரண்டு பொருள். ரஷ்யப் புரட்சிக்கு முன்னால் இரண்டையும் வெவ்வேறு இகர எழுத்துகளால் எழுதினார்கள். பார்த்தவுடன் எது எதுவென்று தெரியும். விளாதிமிர் என்ற பெயரை அப்போது 'உலகம்' என்ற சொல்லுக்குரிய இகரத்தால் எழுதுவது வழக்கம். படிப்பவர் கண்ணுக்கு 'உலகை ஆள்' என்றே தெரியும். 1918-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ஓர் இகரத்தை நீக்கிவிட்டது. உலகமும் அமைதியும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றன. அப்புறம் 'அமைதியின் தலைவன்' என்று வாசிக்கவும் தடை இல்லாமல் போயிற்று.

இவற்றைப் பொய் என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது. பல தலைமுறை ரஷ்யர்கள் தங்கள் மகனுக்கு இந்தப் பெயரை வைத்தபோது 'உலகை ஆள்' என்று நினைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பெயரின் பிறப்பு என்ன என்று கேட்டால், அந்த விடை செல்லாது.

'எல்லாவற்றையும் ஆள்பவன்' என்ற பொருளில் ஸ்லாவியப் பெயர் வேறு ஏதாவது உண்டா?

உண்டு. விசேவொலொத். 'விசே' என்றால் எல்லாம். 'வொலொத்' நாம் மேலே பார்த்த அதே ஆட்சிச் சொல், இங்கே பின்பாதியில் வருகிறது. உலகாளும் பொருள்தான் வேண்டும் என்பவர்கள் இந்தப் பெயரைப் பார்க்கலாம்.

பெயரில் 'மிர்' வந்தாலே அது 'மேர்' தானா? மிரொஸ்லாவ் என்ற பெயரும் அப்படியா?

இல்லை. மிரொஸ்லாவ் என்பதில் 'மிர்' முன்னால் நிற்கிறது. அது அமைதி என்ற உண்மையான 'மிர்' தான். 'ஸ்லாவ்' என்றால் புகழ். கடைசியில் வரும் 'மிர்' பற்றித்தான் கவனம் வேண்டும். பழைய அரச பெயர்கள் பலவற்றில் அந்த இடத்தில் இருந்தது 'மேர்'. பிற்காலத்தில் வைக்கப்பட்ட பெயர்களில் 'மிர்' என்றே நினைத்துச் சேர்த்ததும் உண்டு.

இது உண்மையில் ஜெர்மானியப் பெயர் என்கிறார்களே?

அப்படி ஒரு கருத்து உண்டு. ஜெர்மானியர்களிடம் வால்டெமார் என்ற பெயர் இருக்கிறது. 'வால்ட்' என்றால் ஆளுதல், 'மார்' என்றால் புகழ். இரண்டு பாதியும் அப்படியே பொருந்துகின்றன. ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழிக் கதைகள் கீவ் இளவரசர் விளாதிமிரை 'வால்தமார்' என்றுதான் அழைக்கின்றன.

என் பார்வையில் இதைக் கடன் என்று சொல்லத் தேவையில்லை. 'விளாத்' அசல் ஸ்லாவியச் சொல். ஆட்சி தொடர்பான எத்தனையோ ஸ்லாவியச் சொற்கள் அதிலிருந்து கிளைத்திருக்கின்றன. 'மேர்' ஸ்லாவியர்களுக்குச் சொந்தமா, கோத்திக் பேசிய கோத்துகளிடம் வாங்கியதா என்பதில் மட்டும் அறிஞர்களிடையே வாதம் உண்டு. ஜெர்மானியரும் ஸ்லாவியரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள். இரண்டு சொல்லைக் கோத்து ஆண்மகனுக்குப் பெயர் வைக்கும் பழக்கம் இரு வீட்டிலும் இருந்தது.

இந்தப் பெயரை முதலில் வைத்திருந்தவர் யார்?

வரலாற்றில் நன்றாகத் தெரியவரும் முற்பட்ட ஆள், பல்கேரியாவை 889 முதல் 893 வரை ஆண்ட விளாதிமிர் ரசாதே. அவருடைய தந்தை முதலாம் போரிஸ், பல்கேரியாவைக் கிறிஸ்தவத்துக்குக் கொண்டுவந்தவர். அரியணையை மகனிடம் கொடுத்துவிட்டு மடத்துக்குப் போய்விட்டார். மகனோ பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர முயன்றார். கேள்விப்பட்ட தந்தை மடத்தை விட்டு வெளியே வந்து, மகனைப் பதவியிலிருந்து இறக்கி, கண்களைக் குருடாக்கிச் சிறையில் தள்ளினார். அடுத்து இளைய மகன் சிமியோன் அரியணை ஏறினார்.

கீவ் இளவரசர் விளாதிமிர் இந்தப் பெயருக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

அவர் இல்லையென்றால் இந்தப் பெயர் சாதாரண வீடுகளுக்குள் வந்திருக்காது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இளவரசர் ஸ்வியாதொஸ்லாவுக்கும் மலூஷா என்ற பெண்ணுக்கும் பிறந்தவர் அவர். மலூஷா, ஸ்வியாதொஸ்லாவின் தாய் ஓல்காவின் அரண்மனையில் சாவிக்கொத்து வைத்திருந்த பணிப்பெண். இந்தப் பிறப்பு அவரை விடாமல் துரத்தியது. போலொத்ஸ்க் நகரத்து இளவரசி ரொக்னேதாவைப் பெண் கேட்டு ஆள் அனுப்பியபோது, 'அடிமை மகனின் காலணியைக் கழற்ற மாட்டேன்' என்று அவள் பதில் சொன்னதாகப் பழைய கீவ் நாளாகமம் (ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகளைக் குறித்துவைத்த ஏடு) எழுதிவைத்திருக்கிறது. மணமகள் மணமகனின் காலணியைக் கழற்றுவது அந்தக் காலத்துத் திருமணச் சடங்கு. பதிலுக்கு அவர் செய்தது கொடூரம். போலொத்ஸ்கைத் தாக்கி, அவள் தந்தையைக் கொன்று, அவளைப் பலவந்தமாக மனைவியாக்கிக்கொண்டார். 'ஆட்சியில் பெரியவன்' என்ற பெயரை அடிமை மகன் என்று ஏசப்பட்ட ஒருவர் சுமந்தார் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெயரின் கனம் தெரியும்.

ஏறத்தாழ 980-ல் கீவ் அவர் கைக்கு வந்தது. வந்தவுடன் அரண்மனைக்கு வெளியே குன்றின்மேல் இடிக்கடவுள் பெரூனுக்கு மரத்தில் சிலை வைத்தார். வெள்ளித் தலை, தங்க மீசை. 988-ல் அவரே ஞானஸ்நானம் பெற்று, பைசாந்தியப் பேரரசர் இரண்டாம் பாசிலின் தங்கை அன்னாவை மணந்தார். கீவுக்குத் திரும்பி வந்ததும் அதே பெரூனைக் குதிரை வாலில் கட்டி நீப்பர் ஆற்றுக்கு இழுத்துப் போகச் சொன்னார். கூடவே பன்னிரண்டு பேர் அதைத் தடியால் அடித்துக்கொண்டே போனார்கள். அதைப் பார்த்து மக்கள் அழுதார்கள் என்றும் நாளாகமம் சொல்கிறது.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் வாசிலி, மைத்துனர் பாசிலின் பெயர்தான். ஆனால் அவர் அடித்த நாணயங்களில் வாசிலி என்று பொறிக்கவில்லை. பொற்காசில் 'விளாதிமிர், இது அவருடைய பொன்' என்று இருக்கிறது. வெள்ளிக்காசில் 'விளாதிமிர் அரியணையில்' என்று இருக்கிறது. அந்தக் காசுகளில் காணப்படும் முச்சூலக் குறிதான் இன்று உக்ரைனின் அரசுச் சின்னம்.

1015 ஜூலை 15 அன்று இறந்தார். பிற்பாடு திருச்சபை அவரைப் புனிதராக ஏற்றது. இது பெயருக்குப் பெரிய திருப்பம். கிறிஸ்தவம் வந்தபின் குழந்தைக்குத் திருச்சபை நாட்காட்டியில் உள்ள புனிதரின் பெயரைத்தான் பாதிரியார் வைப்பார். இவான், பியோத்தர் என்று கிரேக்கத்திலிருந்தும் எபிரேயத்திலிருந்தும் வந்த பெயர்களே அதில் நிறைந்திருந்தன. அசல் ஸ்லாவியப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் மறைந்துபோயின. புனிதரின் பெயராக நாட்காட்டிக்குள் நுழைந்த ஒரு சிலவே பிழைத்தன. அவற்றில் ஒன்று விளாதிமிர்.

அப்போதெல்லாம் ஓர் ஆளுக்கு இரண்டு பெயரா?

ஆமாம். கீவ் அரச குலத்தில் அது சாதாரணம். விளாதிமிரின் கொள்ளுப்பேரன் விளாதிமிர் மோனொமாக் தன் பிள்ளைகளுக்கு எழுதிய அறிவுரையின் தொடக்கத்திலேயே, ஞானஸ்நானத்தில் தனக்கு வைத்த பெயர் வாசிலி என்றும், ருஸ் (அன்றைய கீவ் நாட்டு) மொழிப் பெயர் வொலொதிமிர் என்றும் சொல்கிறார். கொள்ளுத்தாத்தாவின் இரண்டு பெயரும் அப்படியே.

விளாதிமிர், வொலொதிமிர் இரண்டும் ஒரே பெயரா? ஒன்றிலிருந்து மற்றது வந்ததா?

ஒரே பெயர். ஆனால் ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பு கிடையாது. உடன்பிறப்புகள் என்று சொல்லலாம்.

பழைய பொது ஸ்லாவிய மொழியில் முதல் பாதி 'வொல்த்' என்பது போல இருந்தது. மொழி கிளை பிரிந்தபோது, தெற்கே பல்கேரியா, செர்பியா பக்கம் அது 'விளாத்' ஆனது. கிழக்கே, இன்றைய உக்ரைன், பெலாரஸ், ரஷ்யா இருக்கும் நிலத்தில், லகரத்துக்கு இருபுறமும் ஒகரம் வைத்து 'வொலொத்' ஆனது. இது இந்தப் பெயருக்கு மட்டும் நடந்ததல்ல, ஒழுங்கான ஒலிமாற்றம். இரண்டு ஊர்ப்பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்கே நோவ்கொரொத், அதாவது புதிய நகரம். தெற்கே செர்பியர்கள் பெயோகிராத் என்று சொல்லும் பெல்கிரேடு, அதாவது வெள்ளை நகரம். கொரொத், கிராத் இரண்டும் நகரம் என்ற ஒரே சொல். வொலொத்துக்கும் விளாத்துக்கும் உள்ள உறவு அச்சாக அதேதான்.

அப்படியானால் கிழக்கில் இருக்கும் ரஷ்யர்கள் ஏன் தெற்கத்திய வடிவத்தைச் சொல்கிறார்கள்? கோயில்மொழிதான் காரணம். கிறிஸ்தவ நூல்கள் தெற்கு ஸ்லாவிய வடிவில் வந்தன. அந்தத் திருச்சபை ஸ்லாவிய மொழியில் பெயர் 'விளாதிமிர்'. புனிதரின் பெயர் கோயில் நூலில் எப்படியோ, ரஷ்யாவில் சட்டப்பூர்வப் பெயரும் அப்படியே நிலைத்தது. உக்ரைனியர்கள் நாளாகமங்களில் உள்ள கிழக்கு வடிவத்தையே வைத்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ரஷ்யர்களும் வீட்டில் பையனை 'வொலோத்யா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடவுச்சீட்டில் தெற்கத்திய விளாதிமிர். அடுக்களையிலிருந்து அம்மா அழைக்கும்போது பழைய கிழக்கு வொலொதிமேர்.

ரஷ்ய அதிபர், உக்ரைன் அதிபர் இருவருக்கும் ஒரே பெயரா?

ஆம். 1952-ல் பிறந்த விளாதிமிர் பூத்தின், 1978-ல் பிறந்த வொலொதிமிர் ஸெலென்ஸ்கி இருவரும் தாங்குவது கீவ் இளவரசரின் பெயரை. அந்த இளவரசரைத் தங்கள் முன்னோராக இரு நாடுகளும் உரிமை கொண்டாடுகின்றன. கீவில் நீப்பர் ஆற்றைப் பார்த்தபடி சிலுவையோடு நிற்கும் அவர் சிலை 1853-ல் எழுந்தது. மாஸ்கோவில் கிரெம்ளின் அருகே 2016-ல் ஒரு பெரிய சிலை வைத்தார்கள். உக்ரைனின் ஒரு ஹிரிவ்னியா நாணயத்திலும் அவர் உருவம்தான்.

செய்தியில் உக்ரைன் அதிபரின் பெயரை 'விளாதிமிர்' என்று எழுதுவது சரியல்ல. அவருடைய நாட்டு மொழி வடிவம் வொலொதிமிர். அதையே எழுதுவதுதான் மரியாதை.

மற்ற ஸ்லாவிய மொழிகளில் எப்படி?

பெலாரஸில் உலாஸிமிர். போலந்தில் வ்வொஜிமியெஷ், செல்லமாக வ்வோதெக். செக் மொழியில் விளதிமீர், கடைசி அசை நீளும், அழுத்தம் முதல் அசையில் விழும். செர்பிய, பல்கேரிய, குரோவாசிய மொழிகளில் விளாதிமிர் என்றே.

டென்மார்க் அரசர்களுக்கு எப்படி இந்தப் பெயர் போனது?

ஒரு தாய் கொண்டுபோனாள்.

மேலே சொன்ன விளாதிமிர் மோனொமாக்கின் பேத்தி இங்கெபோர்க், டென்மார்க் இளவரசர் கனூத் லாவார்டுக்கு மனைவியாகப் போனார். 1131 ஜனவரி 7 அன்று அரியணைப் போட்டியில் உறவினர் ஒருவரே கனூத்தை ஒரு காட்டில் வைத்துக் கொன்றார். இங்கெபோர்க் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. ஒரு வாரம் கழித்து, ஜனவரி 14 அன்று, ஆண் குழந்தை பிறந்தது. தகப்பன் முகம் பார்க்காத அந்தக் குழந்தைக்குத் தன் தாத்தா பெயரை வைத்தார். விளாதிமிர் அங்கே வால்டெமர் ஆனது.

அந்தக் குழந்தை 1157-ல் நாட்டின் ஒரே அரசராகி, மகா வால்டெமர் என்று பெயரெடுத்தார். அவர் மகன் இரண்டாம் வால்டெமர் 1202 முதல் 1241 வரை ஆண்டார். நான்காம் வால்டெமர் வரைக்கும் பெயர் அந்த அரியணையில் தொடர்ந்தது.

வொலோத்யா, வோவா, வோவ்கா எல்லாம் யார்?

ஒரே ஆள். பள்ளி நாளில் நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவல் ஒன்றில் மூன்று அண்ணன் தம்பிகள் என்று நினைத்துக்கொண்டே பாதிப் புத்தகம் வரை போயிருக்கிறேன். தமிழ் வாசகர்களுக்கு இந்த இடத்தில் கட்டாயம் உதவி தேவை.

அலுவலகத்தில், வகுப்பறையில், மருத்துவரிடம் பேசும்போது பெயரோடு தந்தைப் பெயரையும் சேர்க்க வேண்டும்: விளாதிமிர் இவானொவிச். நம் 'சார்' போடும் வேலையை அந்தத் தந்தைப் பெயர் செய்கிறது. நண்பர்களும் மனைவியும் வொலோத்யா என்பார்கள். வோவா இன்னும் நெருக்கம்; வீட்டுக் குழந்தையைக் கூப்பிடும் பெயர், வளர்ந்தபின்னும் ஒட்டிக்கொள்ளும். வோவ்கா என்றால் கூடப் படிக்கும் பையன் தெருமுனையிலிருந்து 'டேய்' போட்டு அழைப்பது மாதிரி. வொலோதென்கா, வோவொச்கா என்றால் பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கும் குட்டிப் பையன்.

நாவலில் ஒரு பாத்திரம் நேற்று வரை வொலோத்யா என்றவனைத் திடீரென்று 'விளாதிமிர் இவானொவிச்' என்றால், அவர்களுக்குள் ஏதோ முறிந்துவிட்டது என்று அர்த்தம். மொழிபெயர்ப்பில் எல்லா இடத்திலும் ஒரே பெயரைப் போட்டுவிட்டால் அந்த முறிவு நமக்குத் தெரியாமலே போய்விடும்.

'இலியீச்' என்றால் லெனினைக் குறிப்பது ஏன்?

அது அவருடைய தந்தைப் பெயர். 1870 ஏப்ரல் 22 அன்று சிம்பிர்ஸ்கில் பிறந்த அவருடைய முழுப்பெயர் விளாதிமிர் இலியீச் உலியானொவ். அப்பா பெயர் இலியா. 'இலியாவின் மகன்' என்பதுதான் இலியீச். நாம் முன்னெழுத்தாகப் போடும் அப்பா பெயரை அவர்கள் முழுதாக, வாய்விட்டுச் சொல்கிறார்கள். பெயரை விட்டுத் தந்தைப் பெயரை மட்டும் சொல்லி அழைப்பதில் ஓர் உரிமையும் பாசமும் உண்டு. லெனின் என்பது புனைபெயர்.

விளாத்லென், விலென் என்பவை?

புரட்சிக்குப் பின் பிறந்த புதுப்பெயர்கள். விளாதிமிர், லெனின் இரண்டின் முன்பகுதிகளையும் ஒட்டினால் விளாத்லென். வி. இ. லெனின் என்பதைச் சுருக்கினால் விலென். லெனின் என்பதைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி வாசித்தால் நினெல், இது பெண்பிள்ளைகளுக்கு. நாட்காட்டிப் புனிதர்களை விட்டு விலக நினைத்த பெற்றோர் இவற்றை வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பொதுவுடைமைக் குடும்பங்கள் சுற்றி வளைக்காமல் 'லெனின்' என்றே வைத்தன. எங்கள் தெருவிலேயே இரண்டு லெனின்கள் இருந்தார்கள், ஒரு விளாதிமிர்கூட இல்லை.

டிராகுலா கதைக்குப் பெயர் தந்த விளாத் இதே பெயரா?

வேர் ஒன்று, பெயர் வேறு. 15-ஆம் நூற்றாண்டில் வாலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாத், ருமேனிய நிலத்தவர். 'விளாத்' அங்கே தனிப்பெயராகவே ஸ்லாவியர்களிடமிருந்து போனது. இன்றைய ரஷ்யாவில் ஒருவரை விளாத் என்று அழைத்தால் அவர் பெயர் பெரும்பாலும் விளாதிஸ்லாவாக இருக்கும்.

விளாதிவொஸ்தோக் நகரம் ஒரு விளாதிமிரின் பெயரில் உள்ளதா?

இல்லை. 1860-ல் தொடங்கிய அந்த ஊரின் பெயர் 'கிழக்கை ஆள்' என்ற கட்டளை. 1784-ல் எழுந்த விளாதிகாவ்காஸ், 'காகசஸை ஆள்'. வேர்ச்சொல் மட்டும்தான் பொது.

உண்மையிலேயே ஆளின் பெயரில் உள்ளவை வேறு. மாஸ்கோவுக்குக் கிழக்கே கிளியாஸ்மா ஆற்றங்கரையில் விளாதிமிர் என்ற பழைய தலைநகரம் இருக்கிறது. மேற்கு உக்ரைனில் வொலொதிமிர் என்ற ஊர் உண்டு. இந்த இரண்டாவது ஊரின் பெயர் லத்தீனில் சிதைந்து 'லொதொமேரியா' ஆயிற்று. 1772-ல் போலந்தைப் பங்குபோட்ட ஆஸ்திரியா, தான் பிடித்த பகுதிக்கு 'கலீசியா, லொதொமேரியா அரசு' என்று பெயர் சூட்டியது. லொதொமேரியா என்று வாசிப்பவர் எவருக்கும் அதற்குள் ஒரு வொலொதிமேர் இருப்பது தெரியாது.

இந்தப் பெயரில் வேறு புனிதர் உண்டா?

யோவான் விளாதிமிர். இன்றைய மாண்டெனெக்ரோ பகுதியில் இருந்த தூக்லியா என்ற சிறு நாட்டின் அரசர். பல்கேரியப் பேரரசர் சாமுவேலிடம் கைதியாக இருந்தபோது, சாமுவேலின் மகள் கொசாராவே அவரை விரும்பி மணந்தாள் என்று பழைய வரலாறு கூறுகிறது. சாமுவேலுக்குப் பின் ஆட்சியைப் பிடித்த இவான் விளாதிஸ்லாவ், பாதுகாப்புக்கு உறுதியாக ஒரு தங்கச் சிலுவையை அனுப்பி அவரை அழைத்தான். 'இயேசு தொங்கியது மரச்சிலுவையில்' என்று சொல்லி அவர் மரச்சிலுவை கேட்டார். அதையும் அனுப்பினார்கள். நம்பிப் போனவரை 1016 மே 22 அன்று பிரெஸ்பாவில் ஒரு தேவாலய வாசலிலேயே தலையை வெட்டினார்கள்.

அவர் கையில் இருந்ததாக நம்பப்படும் சிலுவையை, மாண்டெனெக்ரோவில் 'பார்' என்ற நகருக்கு அருகே ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகிறது. ஆண்டுதோறும் திரித்துவத் திருநாளன்று விடியும் முன் அதைத் தூக்கிக்கொண்டு மக்கள் ரூமியா மலை உச்சிக்கு ஏறுகிறார்கள்.

பெயர் நாள் எப்போது?

கீவ் விளாதிமிர் இறந்த ஜூலை 15. ரஷ்யத் திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால் நம் கணக்கில் அது ஜூலை 28. உக்ரைனில் 2024 முதல் ஜூலை 15-க்கே மாற்றிக்கொண்டார்கள்.

பெண்பால் வடிவம்?

விளாதிமிரா. செக், செர்பிய, சுலோவீனிய மொழிகளில் வழக்கில் உண்டு. ரஷ்யாவில் அரிது.

தமிழில் எப்படி எழுதலாம்? விளாடிமிரா, விளாதிமிரா?

தயவுசெய்து 'தி' போடுங்கள். ரஷ்ய மொழியில் அந்த இடத்தில் நாக்கு மேலண்ணத்துக்கு வளைவதே இல்லை; பல்லருகே நின்று மென்மையாக ஒலிக்கிறது. நம் 'ட' அங்கே அந்நியம். ஆங்கிலச் செய்திகளைப் பார்த்து எழுதும் பழக்கத்தால்தான் 'விளாடிமிர்', 'வொலோடிமிர்' என்று வந்தன. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழில் வெளியிட்டு, இங்கே நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் விற்ற நூல்களில் 'தி' தான் இருந்தது. ரஷ்ய மூலத்தை நேராகக் காதால் கேட்டவர்கள் செய்த தேர்வு அது.

அழுத்தம் நடு அசையில் விழுகிறது: விள-தீ-மிர். ஆகவே 'விளதீமிர்' என்று எழுதினால் உச்சரிப்புக்கு இன்னும் நெருக்கம். முதலில் வரும் 'வ்ல' என்ற கூட்டொலி தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ஓர் இகரம் சேர்க்கிறோம். அது நம் மொழியின் இயல்பு, குறையில்லை. லகரமா ளகரமா என்றால், ரஷ்ய ஒலி தடித்த லகரம். இரண்டுக்கும் காரணம் சொல்லலாம். நான் பழகிப்போன ளகரத்தோடு 'விளாதிமிர்' என்றே எழுதுகிறேன்.

என் மகனுக்கு இந்தப் பெயர் வைக்க நினைக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

தாராளமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் தமிழில் 'விளாதிமிர்' என்று 'தி' போட்டுப் பதிந்திருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை பாருங்கள். வீட்டில் கூப்பிட வோவா நம் வாய்க்கும் சுலபமாக வரும். பையன் வளர்ந்து பொருள் கேட்டால், 'ஆட்சியில் பெரியவன்' என்று சொல்லுங்கள்.